வலது பக்கத்து போல்ட்

அந்த ஷெட்டுக்குள் ஐந்து பேர் இருந்தார்கள். ஐந்து பேரில் ஒருவர்கூட இன்னொருவரை நம்பவில்லை என்பது, உள்ளே காலெடுத்து வைத்த இரண்டாவது நிமிடமே ரேடியோவுக்குப் புரிந்துவிட்டது.

ரேடியோ என்பது அவனைப் பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. வாயை மூடத் தெரியாத குற்றத்துக்காகக் கிடைத்த பட்டம். சர்வேயரம்மாவிடம் உதவியாளனாகச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அவர் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக விபத்துகளைப் பார்த்து அறிக்கை எழுதியவர். வேலையை உதறிவிட்டுத் தனியாகத் துப்பறியும் ஆபீஸ் போட்ட பிறகும் பழைய பழக்கம் விடவில்லை. எதைக் கண்டாலும் முதலில் நோட்டில் படம் வரைவார். அப்புறம்தான் பேசுவார்.

இப்போதும் வரைந்துகொண்டிருந்தார்.

அவருக்கு எதிரே, மேஜைமேல் கவிழ்ந்து கிடந்தது புல் வெட்டும் வண்டியின் அடித்தட்டு. உட்கார்ந்து ஓட்டுகிற பெரிய வண்டி அது. கிளப் மைதானம் முழுவதையும் பன்னிரண்டு வருடமாக அதுதான் வெட்டுகிறது. அடித்தட்டில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிளேடுகள். ஒவ்வொன்றையும் நடுவில் ஒற்றை போல்ட் பிடித்திருக்கும்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது பிளேடு கழன்றது. புல் வெளியே வரும் திறப்பு வழியாகச் சீறிப் பாய்ந்து, சுற்றுச்சுவரில் மோதித் திரும்பி, ஓட்டிக்கொண்டிருந்த, மைதானத்தைப் பராமரிக்கும் மைதானக்காரரின் முழங்காலுக்குக் கீழே எலும்பை இரண்டாக்கிவிட்டது. இடது போல்ட் புல்லுக்குள் எங்கே போனதோ, இன்றுவரை அகப்படவில்லை. மிச்சமிருந்தது வலது பிளேடும் அதன் போல்ட்டும்தான். அந்த போல்ட்டோ அசைவேனா என்றது.

விபத்துக்கு முந்தின வாரம் வண்டி சர்வீசுக்கு வந்திருந்தது. சர்வீஸ் செய்தவள் இந்த ஷெட்டின் சொந்தக்காரியான மெக்கானிக். விபத்துக்குப் பிறகு வண்டியைத் திரும்ப இழுத்து வந்து போட்டதும் இங்கேதான். போல்ட்டை முறுக்க மறந்துவிட்டாள் என்று எல்லோரும் ஒரே வாக்கியத்தில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். போலீசும் அதையேதான் எழுதப் போவதாகப் பேச்சு. நாளைக்கு ஷெட்டைப் பூட்டி முத்திரை வைப்பார்கள். அதற்குள்ளாகவே, இன்று மூன்று மணிக்கு லாரி வந்து வண்டியைக் காயலான் கடைக்கு ஏற்றிப் போகும் என்று கிளப் செயலாளர் சொல்லிவிட்டார்.

"இவ்வளவு அவசரம் எதுக்கு? வண்டிக்கு என்ன, ரயிலுக்கு நேரமாகுதா?" என்றான் ரேடியோ.

யாரும் சிரிக்கவில்லை.

மூலையில் ஒரு மரப்பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள் மைதானக்காரரின் மனைவி. மைதானத்து அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். சர்வேயரம்மாவை அழைத்து வந்ததே அவள்தான். மெக்கானிக்கின் தப்பை எழுத்தில் வாங்கிவிட வேண்டும் என்பது அவள் வீம்பு. அவள் கண் மெக்கானிக்கின் கையைவிட்டு நகரவில்லை.

அவளுக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றான் அவள் தம்பி. முப்பது வயதிருக்கும். இஸ்திரி கலையாத சட்டை. அக்கா பேசுகிற ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையாட்டுவதற்காகவே வந்தவன்போல் இருந்தான்.

மெக்கானிக் ஒரு டப்பாவை எடுத்தாள்.

"அதுல என்ன?" என்றாள் மைதானத்து அக்கா உடனே.

"துரு இளக்குற எண்ணெய்."

"எதுக்கு?"

"போல்ட்டுக்கு. குடிக்கறதுக்கு இல்ல."

"பாருங்க மேடம், வாயைப் பாருங்க. தப்பு செஞ்சவ பேசற பேச்சா இது?"

"கொஞ்சம் நிறுத்துங்க. எண்ணெய் அப்புறம். முதல்ல நான் பார்த்து முடிக்கணும்" என்றார் சர்வேயரம்மா.

கண்ணாடியைக் கழற்றிவிட்டு, லென்ஸை வைத்துக்கொண்டு போல்ட்டின்மேல் குனிந்தார். ஆறு மூலைகள் இருக்க வேண்டிய போல்ட் தலை, சப்பிப் போட்ட மிட்டாய்போல் மழுங்கியிருந்தது. சர்வேயரம்மா ஒவ்வொரு மூலையாக வரைந்து, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குட்டியாக அம்புக்குறி போட்டார். நான்கு அம்பு ஒரு பக்கம் பார்த்தது. இரண்டு மட்டும் எதிர்ப்பக்கம் பார்த்தது.

"போல்ட்டுக்கு பாஸ்போர்ட் போட்டோ எடுக்கறீங்களா மேடம்?"

"ஆமா. இன்னும் கொஞ்ச நேரத்துல இந்த முகம் இருக்காது."

அப்போதுதான் ரேடியோ அந்த மஞ்சள் பெயிண்டைக் கவனித்தான். போல்ட் தலையில் ஒரு சின்னக் கோடு, பிளேடில் ஒரு சின்னக் கோடு. இரண்டுக்கும் நடுவே கட்டைவிரல் அகலம் இடைவெளி.

"இது என்ன கோலம்?"

"நான் போடறது" என்றாள் மெக்கானிக். "போல்ட்டை முறுக்கி முடிச்சதும் தலைல ஆரம்பிச்சு பிளேடு வரைக்கும் ஒரே கோடா இழுத்துடுவேன். அப்புறம் யாராவது திருப்பினா கோடு ரெண்டாப் பிரிஞ்சு காட்டிக் குடுத்துடும்."

"பிரிஞ்சிருக்கே!" மைதானத்து அக்கா எழுந்தே விட்டாள். "அப்போ இதுவும் லூசுதான்! ரெண்டையுமே ஒழுங்கா முறுக்கலை!"

மெக்கானிக் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் ஏதோ ஒன்று மாறியது. "இது லூசு இல்ல. இது..." என்று ஆரம்பித்தாள்.

சர்வேயரம்மா கையை உயர்த்தினார். "அப்புறம்."

ஒரே ஒரு வார்த்தை. ஆனால் அந்த 'அப்புறம்' யாரோ கேட்கக் கூடாது என்பதற்காகச் சொன்ன 'அப்புறம்' என்று ரேடியோவுக்குப் பட்டது. யார் கேட்கக் கூடாது? மெக்கானிக்கைப் பார்த்தான். மைதானத்து அக்காவைப் பார்த்தான். தம்பிக்காரனைப் பார்த்தான். எல்லோரும் திருதிருவென்று விழித்தார்கள். சந்தேகத்தோடு பார்த்தால் விழிக்காத முகம் எது?

எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்தார்கள். மெக்கானிக் கேஸ் பர்னரை எடுத்ததும் சர்வேயரம்மா திரும்பினார்.

"நெருப்பு வேலை. கூட்டம் வேண்டாம். பார்த்துக்க ஒருத்தர் இருந்தா போதும்."

"நான் நகர மாட்டேன்" என்றாள் மைதானத்து அக்கா. "நான் அந்தப் பக்கம் போனா இவ இந்தப் பக்கம் எதையாவது மாத்திடுவா. தம்பி, நீ வெளிய நின்னு லாரி வருதான்னு பாரு."

தம்பிக்காரன் தெருமுனைக்குப் போனான். ரேடியோ ஷட்டரைப் பாதிக்குமேல் இறக்கினான். வெளியே நடமாடும் செருப்புக்கால்கள் மட்டும் தெரிந்தன.

பர்னரின் நீல நாக்கு போல்ட்டைச் சுற்றி நக்கியது. எண்ணெய் புகைந்து மூக்கைத் துளைத்தது. சூடு ஏற ஏற மெக்கானிக் சின்னச் சுத்தியலால் போல்ட் தலையில் தட்டினாள். கதவைத் தட்டி ஆள் இருக்கிறாரா என்று கேட்பதுபோல் மெதுவாக, விடாமல் தட்டினாள். ஒட்டிக்கொண்ட துரு இப்படித்தான் பிடியை விடும் என்றாள். பிறகு, போல்ட் தலையைவிடக் கொஞ்சம் சின்னதான, கிண்ணம்போன்ற இரும்பு சாக்கெட்டை அந்த மழுங்கிய தலைமேல் வைத்து அடித்து இறக்கினாள். ஸ்பேனரில் ஒரு நீளக் குழாயைச் செருகிக்கொண்டாள். காலை அகட்டி நின்று, உடம்பு எடை முழுவதையும் கொடுத்து அழுத்தினாள்.

மைதானத்து அக்கா வீறிட்டாள்.

"முறுக்கறா! கழட்டறேன்னு சொல்லிட்டு இன்னும் முறுக்கறா! பாட்டில் மூடி திறக்கத் தெரிஞ்ச குழந்தைக்குக்கூடத் தெரியும், கழட்டணும்னா இந்தப் பக்கம் திருப்பணும். இவ அந்தப் பக்கம் திருப்பறா!"

ரேடியோவும் பார்த்தான். உண்மைதான். கடிகார முள் போகிற திசையில் திருப்பிக்கொண்டிருந்தாள். 'பூசி மெழுகறாளா, நம்ம கண்ணு முன்னாடியே?'

'டக்' என்று ஒரு சத்தம்.

மெக்கானிக் குழாயோடு இரண்டடி முன்னால் தடுமாறினாள். சாக்கெட்டுக்குள்ளிருந்து போல்ட் தலை மட்டும் தரையில் விழுந்து உருண்டது. உடம்பு உள்ளேயே நின்றுவிட்டது.

"உடைச்சுட்டா! ஆதாரத்தையே உடைச்சுட்டா! நான் படிச்சுப் படிச்சு சொன்னேனே!"

சர்வேயரம்மா குனிந்து அந்தத் தலையை எடுத்து, ஒரு காகித உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டார். முகத்தில் சலனமே இல்லை.

"உள்ள இருக்கறது வருமா?"

"வரும்" என்றாள் மெக்கானிக். மூச்சு வாங்கியது. "நட்டு ஒண்ணை வெச்சு வெல்டு பண்ணினா வரும். புதுத்தலை முளைச்ச மாதிரி. அந்தச் சூட்டுலயே உள்ள பிடிச்சிருக்கறது இளகிடும்."

வெல்டிங் கருவியை இழுத்து வைத்தாள். முகத்துக்குப் பிடிக்கும் கறுப்புக் கண்ணாடி ஷெட்டில் இரண்டுதான் இருந்தது. ஒன்றைத் தான் மாட்டிக்கொண்டாள். இன்னொன்றை எடுத்துப்போய் மைதானத்து அக்காவிடம் நீட்டினாள்.

"வெறுங்கண்ணால பார்க்காத. ராத்திரி பூரா எரியும்."

மைதானத்து அக்கா வாங்குவதா வேண்டாமா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். சர்வேயரம்மாவும் ரேடியோவும் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் வெளிச்சம் வெட்டி வெட்டி எரிந்தது.

"இவங்க ரெண்டு பேரும் முன்னாடி சிநேகிதிங்களாம் மேடம்" என்று ரேடியோ கிசுகிசுத்தான். "பத்து வருஷப் பழக்கம். இப்போ ஒருத்தி நிழல் இன்னொருத்தி மேல படக் கூடாது."

"தெரியும். அதனாலதான் அந்தம்மாவை வெளிய அனுப்பலை. அவங்க கண்ணால பார்க்கணும்."

"எதை?"

"திரும்பிப் பாரு."

வெளிச்சம் நின்றிருந்தது. உடைந்த போல்ட்டின்மேல் ஒரு நட்டு சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. சிவப்பு மங்கிச் சாம்பல் நிறமாகும்வரை மெக்கானிக் பொறுத்திருந்தாள். ஸ்பேனரை மாட்டினாள். மறுபடியும் அதே பக்கம், கடிகார முள் போகிற பக்கமே திருப்பினாள்.

கிறீச்சென்று முனகிக்கொண்டு போல்ட் அசைந்தது. கால் சுற்று. அரைச் சுற்று. மைதானத்து அக்கா கண்ணாடியை இறக்கிவிட்டு மேஜைக்கு அருகில் வந்தாள். திருப்பத் திருப்ப, உள்ளே போக வேண்டிய போல்ட் மரை மரையாக வெளியே வந்துகொண்டிருந்தது.

"இது என்ன... உல்டாவா வருது?"

"உல்டா மரை" என்றாள் மெக்கானிக். "ரெண்டு பிளேடும் எதிரெதிராச் சுத்தும். அதனால இடது போல்ட்டுக்கு சாதாரண மரை, வலது போல்ட்டுக்கு உல்டா மரை. இந்த வண்டில அப்படித்தான். மத்த போல்ட்டைக் கழட்டற பக்கம் திருப்பினா இது இறுகும்."

சர்வேயரம்மா அந்த உடைந்த துண்டை இடுக்கியால் பிடித்து வெளிச்சத்தில் காட்டினார். உடைந்த இடத்துக்குக் கீழே கழுத்து மெலிந்து, இழுத்த ரப்பர்போல் நீண்டிருந்தது.

"அளவுக்கு மீறி முறுக்கினாதான் இப்படி இழுபடும்" என்றார். "நல்லாக் கேளுங்க. மறதில விட்டிருந்தா இந்த போல்ட் லூசா இருக்கணும். ஆனா உடையற அளவுக்கு இறுகிக் கிடக்குது. ஏன்? யாரோ ஒருத்தர் ரெண்டு பிளேடையும் கழட்டப் பார்த்திருக்காங்க. இடது சுலபமா இளகிடுச்சு. வலதையும் அதே பக்கம் திருப்பினாங்க. இளகறதா நினைச்சு முறுக்கிக்கிட்டே இருந்திருக்காங்க. மஞ்சள் கோடு பிரிஞ்சதும் அதனாலதான்."

மைதானத்து அக்கா மெக்கானிக்கைப் பார்த்தாள். பன்னிரண்டு வருடமாக இதே பிளேடைக் கழற்றி மாட்டியவளுக்கு எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரியாதா? அந்தக் கேள்வி அவள் முகத்தில் வந்து உட்கார்ந்ததை ரேடியோ பார்த்தான். அவள் மரப்பெட்டியின்மேல் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"அப்போ... யாரு?"

"இதுல சந்தேகம் வேறயா?" என்றான் ரேடியோ. "வண்டியைக் கண்ணுல இருந்து மறைக்க யார் துடிக்கறாங்க? வெள்ளைச் சட்டை போட்ட செயலாளர். பழைய வண்டி ஒழிஞ்சாத்தான் புது வண்டி வாங்க முடியும். அவருக்கு ஸ்பேனருக்கும் சீப்புக்கும் வித்தியாசம் தெரியாது. பொருத்தம் பத்துக்குப் பத்து."

வெளியே லாரியின் ஹாரன் கேட்டது.

சர்வேயரம்மா சட்டென்று மெக்கானிக்கிடம் திரும்பினார். "இதே மாடல்ல இன்னொரு அடித்தட்டு இருக்கா?"

"இருக்கு. உதிரிக்காக வாங்கிப் போட்டது."

"மேஜைமேல வைங்க. இதைச் சாக்கு போட்டு மூடுங்க. அம்மா, நீங்க இப்போ பார்த்ததை யாருகிட்டயும் சொல்லக் கூடாது. ரேடியோ, நீ வாயையே திறக்கக் கூடாது."

"மேடம், அது சித்திரவதைல சேரும்."

"சேரட்டும்."

ஷட்டர் உயர்ந்தது. செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தார். "மூணு மணின்னு தெளிவாச் சொல்லியிருந்தேனே. இன்னும் என்ன நோண்டிக்கிட்டு?" அவருக்குப் பின்னால் தம்பிக்காரனும் வந்து நின்றான்.

"ரெண்டே நிமிஷம் சார்" என்றார் சர்வேயரம்மா. இவ்வளவு குழைவாக அவர் பேசி ரேடியோ கேட்டதே இல்லை. "இந்த உதிரித் தட்டுல வலது பிளேடு ஒண்ணைக் கழட்டி ஒத்துப் பார்த்துட்டா எங்க வேலை முடிஞ்சது. வெல்டிங் பண்ணி இவங்க கை நடுங்குது. என் கைல பலமில்ல. நீங்க கொஞ்சம்..."

செயலாளர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். நான்கு பேர் பார்க்கும்போது மாட்டேன் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஸ்பேனரை மாட்டி, எல்லோரும் எந்தப் பக்கம் திருப்புவார்களோ அந்தப் பக்கமே திருப்பினார். போல்ட் நகரவில்லை. முகம் சிவக்க இன்னொரு முறை திருப்பினார். நெற்றி நரம்பு புடைத்தது.

"துரு. சுத்தமாப் பிடிச்சிருக்கு" என்று கையை உதறினார்.

ரேடியோவுக்கு உள்ளுக்குள் மத்தாப்பு வெடித்தது. சர்வேயரம்மாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான். மைதானத்து அக்கா எழுந்து செயலாளரை நோக்கி இரண்டடி வைத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கம்மா" என்றார் சர்வேயரம்மா. பிறகு சாதாரணமாக, "தம்பி, நீங்க வயசுப் பிள்ளை. ஒரு கை பாருங்களேன்" என்றார்.

"அவனா?" மைதானத்து அக்காவுக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்தது. "அவனுக்கு ஒரு ஆணி அடிக்கத் தெரியாது."

தம்பிக்காரன் கூச்சத்தோடு முன்னால் வந்தான். ஸ்பேனரை வாங்கினான். போல்ட்டில் மாட்டினான். பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே தள்ளு.

கடிகார முள் போகிற பக்கம்.

போல்ட் இளகியது.

"வந்துடுச்சு" என்றான். அவன் முகத்தில் சின்னதாக ஒரு பெருமை.

பாவம், இவனாவது தப்பித்தான் என்று சொல்ல ரேடியோ வாயெடுத்தான். அதற்குள் மைதானத்து அக்காவின் முகம் கண்ணில் பட்டது. அதில் ரத்தமே இல்லை. அவள் தம்பியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படித் தெரியும்?" என்றார் சர்வேயரம்மா.

"என்னது?"

"இந்த போல்ட்டை அந்தப் பக்கம் திருப்பணும்னு. துருன்னு அவர் சொன்னதைக் கேட்டும், நீங்க அதே பக்கம் இன்னும் பலமாத் திருப்பிப் பார்க்கலை. முதல் தடவையே அந்தப் பக்கம்தான் போனீங்க. உள்ள நடந்த எதையும் நீங்க பார்க்கலை, கேட்கலை. தெருமுனையில நின்னீங்க."

"சும்மா... குத்துமதிப்பா..."

சர்வேயரம்மா நோட்டைத் திறந்து மேஜைமேல் வைத்தார். மழுங்கிய ஆறு மூலைகளும் அம்புக்குறிகளும். "யாரும் கை வைக்கறதுக்கு முன்னாடி வரைஞ்சது. முக்கால்வாசி தேய்மானம் தப்பான பக்கம். கடைசியா ரெண்டே ரெண்டு புதுக்கீறல் சரியான பக்கம். அதுக்குள்ள மூலை மழுங்கிடுச்சு, பிடி கிடைக்கலை, விட்டுட்டுப் போயிட்டாங்க. இந்த ரேடியோ தேடின மாதிரி, உல்டா மரைன்னு தெரியாத ஆளை நான் தேடலை. ஆரம்பிக்கும்போது தெரியாம, முடிக்கும்போது தெரிஞ்சுக்கிட்ட ஆளைத் தேடினேன். செயலாளருக்கு இன்னிக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு."

"மேடம், இது ஒரு ஆதாரமா? எங்கயோ எப்பவோ கேள்விப்பட்டிருப்பேன். அக்கா, இவங்க அவ பக்கம் சாய்ஞ்சுட்டாங்க. உன்னை வெச்சே நம்மளைக் கவுக்கப் பார்க்கறாங்க."

மைதானத்து அக்கா வேறொன்றைக் கேட்டாள். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

"வீட்டுல இருந்த திருகு ஸ்பேனரை எதுக்கு எடுத்துட்டுப் போன?"

"எப்போ?"

"விபத்துக்கு முந்தின நாள். உன் ரூம்ல குழாய் ஒழுகுதுன்னு சொன்ன. நான்தான் அலமாரியில இருந்து எடுத்துக் குடுத்தேன். ஆணி அடிக்கத் தெரியாத நீ குழாயை என்ன பண்ணின?"

தம்பிக்காரன் உதட்டை நக்கினான். சர்வேயரம்மாவைப் பார்த்தான், ரேடியோவைப் பார்த்தான். அக்காவை மட்டும் பார்க்கவில்லை.

"எடுத்துட்டுப் போனியா இல்லையா?"

"போனேன்."

"அப்புறம்?"

"அக்கா, சத்தியமா மாமாவுக்கு அடிபடும்னு நினைக்கலைக்கா." அவன் குரல் உடைந்தது. "ஸ்டார்ட் பண்ணினதுமே ரெண்டு பிளேடும் கீழ விழுந்துடும், பெரிய சத்தம் வரும், வண்டி இனிமே ஆகாதுன்னு எழுதிடுவாங்கன்னு நினைச்சேன். புது வண்டி வந்தா ஓட்டறதுக்கு என்னைப் போடறேன்னாங்க. நானும் எத்தனை நாள்தான் உன் வீட்டுல சும்மா உட்கார்ந்து சாப்பிடறது? வலது பக்கம் வரவே மாட்டேன்னுச்சு. பாதியில போன்ல தேடிப் பார்த்தேன். உல்டான்னு போட்டிருந்தான். அதுக்குள்ள ஸ்பேனர் வழுக்க ஆரம்பிச்சுடுச்சு. யாரோ வர்ற சத்தம் கேட்டது, ஓடிட்டேன். அப்படியே விட்டாலும் ஒண்ணும் ஆகாதுன்னு..."

"யாரு போடறேன்னாங்க?" என்றார் சர்வேயரம்மா.

எல்லோரும் செயலாளரைப் பார்த்தார்கள்.

"புது வண்டி வந்தா போடறேன்னுதான் சொன்னேன்" என்றார் அவர், மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டே. "பழசைக் கெடுன்னு நான் சொல்லலை."

"விபத்துக்கு அப்புறம் இவர்மேல உங்களுக்கு சந்தேகமே வரலையா?"

செயலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அதில் பதில் எழுதியிருப்பதுபோல் வெகுநேரம் பார்த்தார்.

"அதை ஸ்டேஷன்ல சொல்லிக்கலாம்" என்றார் சர்வேயரம்மா. "லாரி காலியாத்தான் திரும்பும்."

தம்பிக்காரன் அக்காவின் காலடியில் உட்காரப் போனான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நடிக்காத. நில்லு. நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில உள்ள விடுவாங்க. வந்து மாமாகிட்ட சொல்லு."

"நீ சொல்லிடுக்கா. என்னால முடியாது."

"நீயேதான் சொல்லணும். நான் பக்கத்துல நிப்பேன், வாயைத் திறக்க மாட்டேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கணும். அங்க இருந்து நேரா ஸ்டேஷன்."

அவனைப் பிடித்த பிடியை விடாமலே அவள் மெக்கானிக்கின் பக்கம் திரும்பினாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, விழுங்கி, மறுபடி எடுத்தாள்.

"மூணு வாரமா அவர் ஒண்ணையேதான் சொல்லிட்டுக் கிடக்கார். அவ மாட்டின போல்ட் தானாக் கழலாதுன்னு. உனக்குப் பரிஞ்சு பேசறார்னு படுக்கையில கிடக்கறவர்கிட்டயும் சண்டை பிடிச்சேன். தெருவுல ஒரு வீடு விடாம உன்னைப் பத்தி..."

மெக்கானிக் வெல்டிங் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். தம்பிக்காரன் கையில் இன்னும் இருந்த ஸ்பேனரை வாங்கி, அதற்குரிய ஆணியில் மாட்டினாள். எல்லோரும் அவள் என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள். திட்டினாலும் நியாயம், துரத்தினாலும் நியாயம் என்று நினைத்துக்கொண்டான் ரேடியோ.

"கால் எப்படி இருக்கு அவருக்கு?" என்றாள் மெக்கானிக். மூன்று வாரமாக யாரிடமும் கேட்க முடியாத கேள்வி.

"கம்பி வெச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு மாசம் ஊன்றக் கூடாதாம்." மைதானத்து அக்கா கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "நீயே வந்து பாரேன்."

"கை பூரா கிரீஸ். கழுவிட்டு வரேன்."

அவள் பின்பக்கக் குழாயடிக்குப் போனாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அந்தக் கிரீஸ் அவ்வளவு சீக்கிரம் போகிற கிரீஸ் அல்ல. மைதானத்து அக்கா தம்பியின் முழங்கையைப் பிடித்தபடியே வாசலில் நின்று, அவள் வரும்வரை காத்திருந்தாள்.